மெலிஞ்ச எடம்

அந்தப் பக்கம் சாயாதீங்க தம்பி. கம்பி ஓரமா பாருங்க, எவனோ வெத்தலையைப் போட்டுத் துப்பி வெச்சிருக்கான். காஞ்சு போயிருச்சுங்கறீங்களா? காஞ்சாலும் எச்சி எச்சிதானுங்க. சீ. இந்த உடுமலை திண்டுக்கல் ரூட்டுல ஒரு வண்டியாவது சுத்தமா விடறானுங்களா? கண்டக்டரு வேற வெரலை நாக்குல தொட்டுத் தொட்டு நோட்டு எண்றான். அதே நோட்டை நம்ம கையில குடுப்பான். நாம அதே கையில வடையை வாங்கித் தின்போம். நெனச்சாலே கொமட்டிக்கிட்டு வருது. இப்படி நகந்து உக்காருங்க.

என்ன, பட்டு வேட்டியைப் பாக்கறீங்களா? கேட்டுருங்க, மனசுக்குள்ள வெச்சுக்காதீங்க. என்ற பொண்ணுக்கு இன்னிக்குக் கல்யாணமுங்க. உடுமலையில, தளி ரோட்டு மண்டபத்துல. ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். இப்ப மணி என்ன? எட்டே முக்காலா? ம்.

ஆமாங்க, நான் திண்டுக்கல்லுக்குத்தான் போறேன். சவரிமுத்துன்னு ஒரு ஆளு. அவரைப் பாத்து மாப்பிள்ளையைப் பத்தி ஒரு விசயம் கேக்கணும். நேத்து ராத்திரிதான் அட்ரஸ் கெடைச்சுது. காலையில பட்டு வேட்டியை உடுத்திக்கிட்டு, வாழை மரம் கட்டின வாசலைத் தாண்டி, பூ வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்து பஸ் ஏறிட்டேன்.

வாயைப் பொளக்காதீங்க தம்பி, ஈ போயிரும். முழுசாக் கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க யார் மேல தப்புன்னு.

எம்பேரு ஆறுச்சாமி. பல்லடம் பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லு. பேரு எதுக்கு, விடுங்க. அதுல லேப் இன்சார்ஜா இருந்து ரிட்டையர் ஆனவன். நூலு எந்த வலுவுல அறுகுதுன்னு பாக்கறதுதான் நம்ம வேலை. ஒரு மெஷின் இருக்கும். அரை மீட்டர் நூலை மாட்டி விட்டா இழுக்கும், அறுந்ததும் நம்பர் காட்டும். மறுபடி மாட்டு, மறுபடி இழு. அப்பறம் எல்லா நம்பரையும் கூட்டி வகுத்து ஆவரேஜ்னு ஒண்ணைப் போட்டு மொதலாளி ரூமுக்கு அனுப்புவாங்க. ஆவரேஜ்! அந்த வார்த்தையே எனக்கு ஆகாதுங்க.

ஏன்னு கேளுங்க. எந்த நூலாவது ஆவரேஜ்ல அறுந்து நீங்க பாத்திருக்கீங்களா? எங்கயோ ஒரு எடத்துல மெலிஞ்சு கெடக்கும். பஞ்சு பத்தாம, முறுக்கு சரியா ஏறாம. தறியில பாவு நூலு ஓடறப்ப அறுகறது அந்த எடந்தான். மத்த எடமெல்லாம் எவ்வளவு கெட்டியா இருந்து என்ன பிரயோசனம்? ஆவரேஜ் பிரமாதம்னு நாங்க அனுப்பின நூலு சோமனூர் தறிக்காரர் வீட்டுல அறுந்து அறுந்து விழுந்துச்சு. அந்த மனுசன் நூலு சுத்தின கோனைத் தூக்கிக்கிட்டு வந்து மொதலாளி மேசை மேல வீசிட்டுப் போனாரு. மொதலாளி என்ன சொன்னாருங்கறீங்க? "ஆவரேஜ் நல்லாத்தானே இருக்குது ஆறுச்சாமி?" த்தூ!

நான் சொன்னேன், "ஆவரேஜை மூட்டை கட்டி வெய்யுங்க மொதலாளி. ஒவ்வொரு கோன்லயும் ரொம்ப மோசமான எடம் எதுன்னு மட்டும் பாருங்க. அந்த மோசத்தையெல்லாம் ஒண்ணா வெச்சுக் கணக்குப் போட்டா, நாம இன்னும் பாக்காத நூல்ல எவ்வளவு மோசம் இருக்கும்னு சொல்லிரலாம்"னு. அதுக்குன்னு தனிக் கணக்கே இருக்குதுங்க தம்பி. கோயமுத்தூருக்கு ட்ரெய்னிங் போனப்பக் கத்துக்கிட்டேன். அதுல ஒரு சங்கதி கேளுங்க. நீளம் கூடக் கூட மோசமும் கூடும். அரை மீட்டர்ல தேடினா ஒரு மோசம் தெரியும். அதே நூலை நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்க, அதை விட மோசமா ஒண்ணு ஆப்புடும். இன்னும் ஓட்டினா இன்னும் மோசம். எப்பேர்ப்பட்ட நூலா இருந்தாலும் தப்பாது. மில்லுல ஒருத்தனுக்கும் இது மண்டையில ஏறலை. எனக்கு ஏறுச்சு. அன்னியிலிருந்து நான் எதுலயும் ஆவரேஜ் பாக்கறதில்லை.

மாப்பிள்ளை பாக்கறதுலயும் அப்படித்தான். ஊருல எல்லாரும் என்ன பண்றானுங்க? ஜாதகம் பாப்பான், தோட்டம் எத்தனை ஏக்கர்னு கேப்பான், பையன் எப்படின்னா டீக்கடையில ஒருத்தன், "நல்ல பையனுங்க"ம்பான், முடிஞ்சுது. நல்ல பையன்! அதுதாங்க ஆவரேஜ். அவன் மோசமான நாள்ல எப்படி இருப்பான்னு எவனாவது கேக்கறானா? என்ற பொண்ணு அந்த நாள்லயும் அவங்கூடத்தானே இருந்தாகணும்?

பொண்ணு பேரு தாரணி. ஒரே பொண்ணு. மொதல்ல பொள்ளாச்சிப் பக்கம் ஒரு எடம் வந்துச்சு. தென்னந்தோப்புக்காரங்க. ஒரு வாரம் விசாரிச்சேன், பையன் பொன்னு. ஒரு வாரத்துல என்ன தெரியும்? விடாம விசாரிச்சேன். மூணாவது மாசம் அவங்க வீட்டுல தேங்காய் உரிக்க வர்ற ஆளு சொல்றான், தீவாளியன்னிக்கு அக்கா மேல சோத்துத் தட்டை வீசினவனாம். வேண்டாம்னுட்டேன். அப்பறம் பெருந்துறையில ஒரு பல் டாக்டரு. அவன் பத்தாவது படிக்கறப்ப வீட்டை விட்டு ஓடி, திருச்செந்தூர்ல புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்களாம். ஓடினவன் மறுபடி ஓட மாட்டான்னு என்ன நிச்சயம்? இன்னொருத்தன், பேரு கூட மறந்து போச்சு, கடை முதலாளி திட்டினான்னு பைக்கைக் கெணத்துல தள்ளினவன். கேக்கக் கேக்க எனக்கு மனுசங்க மேலயே அருவருப்பு வந்துருச்சுங்க. வெளியில வெள்ளையுஞ்சொள்ளையுமா திரியறானுங்க. கொஞ்சம் இழுத்துப் பாத்தா எல்லாம் நாறுது.

தரகர் ஒரு நாள் கும்புடு போட்டுட்டுச் சொன்னாரு, "ஏனுங்க, நீங்க மாப்பிள்ளை பாக்கறீங்களா, இல்லை கேஸ் போடறதுக்கு சாட்சி தேடறீங்களா?" அதுக்கப்பறம் அவரு நம்ம வீதிப் பக்கமே வர்றதில்லை. போகட்டும். வாய் நாத்தம் புடிச்ச மனுசன்.

பொண்ணுக்கு வயசு முப்பதைத் தாண்டிருச்சு. என்ற சம்சாரம் வசந்தாமணி தெனமும் மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருப்பா. ஆனா தாரணி அம்மிணி ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ படிச்சவ. கோயமுத்தூர்ல, கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனியில வேலை. அதா, சன்னலுக்கு வெளியில சுத்துது பாருங்க, அதேதான். ஒரு எடத்துல காத்தாடி நடறதுக்கு முன்னால அங்க அடிக்கற காத்தை சில வருசம் அளப்பாங்களாம். வருசா வருசம் அடிச்சதுல பெரிய காத்து எதுன்னு எடுத்து, இன்னும் அடிக்கவே அடிக்காத காத்து, அம்பது வருசத்துக்கு ஒருக்கா வர்றது, எவ்வளவு வேகமா இருக்கும்னு அவ கணக்குப் போட்டுச் சொல்லுவா. மொத தடவை சொன்னப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. வராத காத்தை அளக்கறா! நான் நூல்ல பண்ணினதை இவ காத்துல பண்றா. என்ற ரத்தமல்ல?

அந்தக் கணக்கை எடுத்து என்ற தலையிலயே போடுவான்னு யாரு கண்டா?

பைக்கைக் கெணத்துல தள்ளினவனை வேண்டாம்னு சொன்ன அன்னிக்கு, சோத்தைப் போட்டுக்கிட்டே கேட்டா. "அப்பா, ஒரு வாரம் விசாரிச்சவன் நல்லவனா இருக்கான். மூணு மாசம் விசாரிச்சா மோசமாயிடறான். இது வரைக்கும் ஒருத்தன் கூட தப்பலை. அது அவங்க குத்தமுங்களா, இல்லை நீங்க இழுத்த நீளமா?"

எகத்தாளத்தைப் பாருங்க! நூலு வேற மனுசன் வேற, சோத்தைப் போடுன்னு அடக்கிட்டேன்.

ஆறு மாசம் கழிச்சு அவளே ஒருத்தனைச் சொன்னா. பேரு யுவராஜ். ஊரு தாராபுரம். அதே கம்பெனியில, காத்தை அளக்கறதுக்கு வெச்சிருக்கற பெரிய கம்பத்துல ஏறி மெஷின் மாட்டற இஞ்சினியரு. சாதி சனம் சரி. குலமும் வேற வேற கூட்டம், கட்டிக்கற மொறைதான், அதுலயும் வாயைத் தொறக்க முடியாது. சரி, இழுத்துப் பாத்துரலாம்னு எறங்கினேன். அவன் தங்கியிருந்த ரூம்காரரு, பைக் மெக்கானிக்கு, ஸ்கூல் வாத்தியாரு, முடி வெட்டறவரு, ஒருத்தரை விடலை. நாலு மாசம். ஒண்ணும் கெடைக்கலைங்க! ரூம்காரரு மட்டும் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "ஒருக்கா பைப்பை மூடாம போயிட்டாருங்க, டேங்க்கு வழிஞ்சு போச்சு"ன்னாரு. டேங்க்கு! எனக்கு வந்துச்சே கோவம். குறையே ஆப்புடலைன்னா என்ன அர்த்தம்? இழுத்தது பத்தலைன்னு அர்த்தம். எங்கயோ பதுக்கி வெச்சிருக்கான்.

அதுக்குள்ள வசந்தாமணி நிச்சயத்துக்கு நாள் குறிச்சுட்டா. மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரையெல்லாம் வந்து ஹால்ல உக்காந்தாச்சு. பஜ்ஜி வந்துச்சு, கேசரி வந்துச்சு. எவனோ ஒரு பெருசு கேசரி தின்ன கையைச் சோபாவுல தொடைக்கறான். எனக்கு அதைப் பாக்கப் பாக்க ஒடம்பெல்லாம் கூசுது. சரி, இனிப் பொறுக்கறதில்லைன்னு பையனைப் பாத்து நேராக் கேட்டுட்டேன். "மாப்பிள்ளை, உங்க வாழ்க்கையில நீங்க ரொம்ப மோசமா நடந்துக்கிட்ட நாள் எது? எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க."

அவங்கம்மா வாயில வெச்ச பஜ்ஜியை மெல்லலை.

அவன் சொன்னான். "கயத்தாறுப் பக்கம் ஒரு கம்பத்துல ஏறியிருந்தோமுங்க மாமா. நானும் சவரிமுத்து அண்ணனும். திடீர்னு சூறைக்காத்து புடிச்சுக்கிச்சு. அண்ணனோட பெல்ட் கொக்கி கம்பியில மாட்டிக்கிச்சு, எடுத்து விடச் சொல்லிக் கத்துனாரு. எனக்கு உசுருப் பயம் வந்துருச்சு. அவரை விட்டுட்டு நான் மட்டும் எறங்கிட்டேன். காத்து நின்னப்பறம் அவரே எடுத்துக்கிட்டு வந்துட்டாரு, ஒண்ணும் ஆகலை. ஆனா நான் எறங்கிட்டேனுங்க."

எனக்குப் பாருங்க, நாலு மாசமா அடைச்சிருந்த மூக்கு தொறந்தாப்பல இருந்துச்சு! கெடைச்சிருச்சுல்ல? எந்திரிச்சு நின்னுக்கிட்டேன். "கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? கூட இருந்தவனை உசுரு போற எடத்துல விட்டுட்டு ஓடி வந்தவன். இவங்கிட்ட என்ற பொண்ணைக் குடுக்கறதா? சீ!"ன்னுட்டேன்.

அப்பத்தான் தாரணி உள்ள இருந்து வந்தா. பட்டுச் சேலையோட. அழுவான்னு நெனச்சேன், அழுகலை. "அப்பா, என்னோட மோசமான நாள் எதுங்க?"ன்னு கேட்டா.

நான் யோசிக்கவே இல்லைங்க தம்பி. நாக்கு நுனியில இருந்துச்சு, சொல்லிட்டேன். "உங்கம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் பண்ணின அன்னிக்கு, தொணைக்கு இருன்னு விட்டுட்டுப் போனா, ஆசுபத்திரியில அவளைப் போட்டுட்டு நீ சினிமாவுக்குப் போனியே, அதுதான்"னேன். அப்ப அவ காலேஜுல படிச்சுக்கிட்டு இருந்தா. நான் அன்னிக்கு மில்லுல இருந்தேன். சோமனூர்ல இருந்து கம்ப்ளைண்டு, விட்டுட்டு வர முடியலை. சாயங்காலம் போனா நர்ஸம்மா சொல்றா, பொண்ணு மத்தியானத்துல இருந்து ஆளைக் காணோம்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெத்த தாயி ஆபரேசன் பண்ணிக் கெடக்கறப்ப சினிமா!

வசந்தாமணி சமையல்கட்டுல இருந்து கரண்டியோட வந்துட்டா. "நாந்தானுங்க காசு குடுத்துப் போகச் சொன்னேன்"கறா சம்பந்தியம்மாளைப் பாத்து. "ரத்தத்தைப் பாத்துட்டு அந்தப் புள்ளை வாந்தியா எடுத்துச்சு. அழுது அழுது மூச்சு வாங்குச்சு. எங்கயாவது போயி உக்காந்துட்டு வா சாமின்னு நாந்தான் அனுப்பிச்சேன். வேற ஆளு யாரு இருந்தா அங்க?"ன்னா. சொல்லிட்டு என்னைப் பாத்தா ஒரு பார்வை. அன்னியிலிருந்து எங்கூடப் பேச்சு வார்த்தை இல்லை. இத்தனை வருசம் எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கறா பாருங்க. அதுவும் ஒரு மோசந்தானே? யாரு அனுப்பினா என்னங்க, போனது போனதுதானே?

அந்தப் பையன் என்ன சொன்னாங்கறீங்க? "எனக்குத் தெரியுமுங்க மாமா, தாரணி சொல்லியிருக்கறா"ன்னான். ரெண்டு பேரும் மோசத்தை மோசம் மாத்திக்கிட்டு உக்காந்திருக்குதுக! பூவு, சாக்லேட்டுன்னு குடுத்துக்குவாங்க, இதுக ரெண்டும் இதைக் குடுத்துக்கிட்டிருக்குது. இதெல்லாம் ஒரு காதலுங்களா?

அப்ப அம்மிணி சொன்னா. "அப்பா, நாங்களும் மோசமான காத்தைத்தான் தேடறோம். அது எவ்வளவு வரும்னு தெரிஞ்சுக்கிட்டு, அதைத் தாங்கற மாதிரி கம்பத்தை நடறதுக்கு. நடாமயே இருக்கறதுக்கு இல்லீங்க. நீங்க தேடறது வேண்டாம்னு சொல்றதுக்கு. இவரோட மோசம் எனக்குத் தெரியும், என்னோடது இவருக்குத் தெரியும். இது ரெண்டையும் தாங்குவோம்னு கணக்குப் போட்டுத்தான் சரின்னு சொன்னோம்"னா.

"தாங்கலைன்னா?"ன்னு கேட்டேன். விடுவனா?

"தாங்காம போறதுக்கும் ஒரு கணக்கு உண்டுங்கப்பா. அந்த வாய்ப்பு சைபர்னு யாராலயும் எழுத முடியாது"ன்னா. பெத்தவங்கிட்டப் பேசற பேச்சைப் பாருங்க! அப்பறம் மெதுவாச் சொன்னா: "இன்னிக்குத்தான் உங்களோட மோசமான நாளு. அதையும் பாத்துட்டேன். அதுக்காக நீங்க எனக்கு வேண்டாம்னு ஆயிருமா? கல்யாணத்துக்கு நீங்க நிக்கணும். தாரை வாத்து நீங்கதான் குடுக்கணும்."

அன்னிக்கே தட்டை மாத்திக் கல்யாணத்துக்கு நாளும் குறிச்சுட்டாங்க. எனக்கென்னங்க மோசமான நாளு? நான் என்ன பண்ணினேன்? கேள்வி கேட்டேன், பதில் சொன்னேன். பொண்ணு நல்லா இருக்கணும்னு பாத்தது ஒரு தப்பா? சொல்லுங்க தம்பி. நீங்களும் அவங்க கட்சியா?

பழனி தாண்டிருச்சா? மணி ஒம்பதரை இருக்குமா? இப்பக் கொட்டு மேளம் வாசிச்சுக்கிட்டு இருப்பாங்க. மண்டபத்துல அந்தக் கூட்டம், அந்த வேர்வை நாத்தம், பன்னீரு, எல்லாஞ்சேந்து. ம்.

நான் ஏன் அந்தச் சவரிமுத்துவைப் பாக்கணுங்கறேன்னா, பையன் சொன்னது முழுசா உண்மையான்னு தெரியணும். தன் மோசத்தைத் தானே சொல்றவன் கொஞ்சம் வழிச்சுத் தொடைச்சுட்டுத்தான் சொல்லுவான். கம்பத்து மேல நின்னவருக்குத்தானே நெசம் தெரியும்? அவரு வேற ஏதாச்சும் சொன்னாருன்னா, பஸ் ஸ்டாண்டுல இருந்தே போன் போட்டு நிறுத்துங்கன்னு சொல்லிருவேன். பத்தரைக்குள்ள போயிருமா இந்த வண்டி? போகாதுங்களா? பத்தரைக்கு ஒட்டன்சத்திரந்தானா? நாசமாப் போன வண்டி. மாடு கூட இதை விட வேகமாப் போகும்.

எறங்குங்கறீங்களா? எறங்கித் திரும்பிப் போனா என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு உள்ள போறது? பூ வாங்கப் போனவன் வெறுங்கையோட வந்தான்னு ஒறம்பரை முழுக்கச் சிரிக்கும். தாரைக்குச் செம்புத் தண்ணியை வெச்சுக்கிட்டு எல்லாரும் வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. வேண்டாமுங்க.

போன் அடிக்குதா? எம்போனுதான். வசந்தாமணி நம்பரு. அடிக்கட்டும். நான் எடுக்க மாட்டேன். ஏனுங்க தம்பி, நீங்க எடுங்க. பக்கத்து சீட்டுல இருக்கறேன், பெரியவரு தூங்கறாருன்னு சொல்லுங்க.

யாரு? அம்மிணியே பேசறாளா? மணவறையில இருந்தா?

தாலி கட்டியாச்சா.

சரி. தாரை யாரு வாத்தாங்கன்னு கேளுங்க. எம்மச்சானா? அவனுக்குக் கையி நடுங்குமேங்க, பாதித் தண்ணி கீழ போயிருக்கும். போகட்டும். எங்க போறேன்னு கேக்கறாளா? மறைக்க வேண்டாம், எனக்கென்ன பயம்? திண்டுக்கல்லுக்கு, சவரிமுத்துவைப் பாக்கப் போறாருன்னே சொல்லுங்க.

என்னது? அவரு அங்கயா இருக்கறாரு? நேத்தே வந்துட்டாரா? பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்கறாரா? தன்னைக் காத்துல விட்டுட்டு எறங்கினவனுக்கு, கல்யாணத்துல வந்து வாளி தூக்கறானா? மானங்கெட்ட மனுசன். சீ! என்ன ஜென்மங்களோ.

இன்னும் லைன்லயே இருக்கறாளா? வேற என்னவாம்? நான் சாப்டேனான்னா கேக்கறா?

காலையில இருந்து பச்சைத் தண்ணி கூட... ஐயோ, இருங்க இருங்க, அதைச் சொல்லிராதீங்க தம்பி. சொன்னா அவ எலையில உக்கார மாட்டா, பிடிவாதம் புடிச்சவ. சாப்டாச்சுன்னு சொல்லுங்க. எங்கன்னு கேட்டா பழனி பஸ் ஸ்டாண்டுலன்னு சொல்லுங்க. என்ன சாப்டாருன்னும் கேப்பா, லேசுல விட மாட்டா. இட்லின்னு சொல்லுங்க. ஆறிப் போகாம, சுடச்சுட, நல்லா சாப்டாருன்னு சொல்லுங்க.